புறாக்கூட்டை மூடியவர்



இந்தப் பக்கத்தில் அர்ச்சியசிஷ்டவர்களுடைய சரித்திரத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். இவ்வாரம் உங்களுக்குச் சொல்லப் போவது ஒரு நாடகக்காரருடைய சரித்திரம். அவர் அர்ச்சியசிஷ்டவர் அல்ல. அப்படி யாரும் சொன்னதுமில்லை. கோபக்காரர், பிடிவாதக்காரர், தம்மோடிருந்தவர்களைச் சில வேளைகளில் நோகடித்தவர். ஆயினும் பேரும் புகழும் நிறைந்திருந்த நாளில் தம் அரங்கத்தின் கதவைத் தம் கையாலேயே மூடிவிட்டு, சர்வேசுரனைத் தேடிக் கிராமத்துக்குப் போனவர். அவர் பெயர் ஜாக் கோப்போ. பிரான்ஸ் தேசத்தவர்.

நாடகக்காரருக்கும் திருச்சபைக்கும் நெடுநாள் பிணக்கு உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அந்தத் தேசத்தின் மகா நாடகாசிரியராகிய மொலியேர் 1673-ம் ஆண்டில் இறந்தபோது, நடிகர் என்ற காரணத்தால் அவருடைய அடக்கத்துக்கு எளிதில் உத்தரவு கிடைக்கவில்லை. மேற்றிராணியார் இரங்கி அனுமதி தந்தபின், இரவு வேளையில், ஆடம்பரமின்றிப் புதைத்தார்கள். அந்த மொலியேரைத் தம் குருவாகக் கொண்ட ஒருவர், மேடை வழியாகவே திருச்சபையின் வாசலை நெருங்கினார் என்பதில்தான் இந்தச் சரித்திரத்தின் சுவை இருக்கிறது.

கோப்போ 1879-ம் ஆண்டு பெப்ருவரி 4-ம் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். வடகிழக்கே ஆர்டென் பிரதேசத்தில் ரோக்கூர் என்னும் ஊரில் அவர் குடும்பத்துக்கு ஓர் இரும்புச் சாமான் தொழிற்சாலை இருந்தது. மகனுக்கோ தொழிலில் மனமில்லை. புத்தகமும் நாடகமுமே உலகம். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த வயதிலேயே அவர் எழுதிய சிறு நாடகம் மேடையேறியது. 1901-ல் தகப்பனார் காலமானார். அடுத்த ஆண்டு ஆக்னேஸ் என்னும் டென்மார்க் தேசத்துப் பெண்ணை மணந்தார். குடும்பத்துக்காகச் சில காலம் தொழிற்சாலையைப் பார்த்துக் கொண்டார். அது நொடித்துப் போயிற்று. பிறகு பாரிஸில் ஒரு சித்திரக் கடையில் படங்கள் விற்கும் வேலை. பகலில் கடை, இரவில் நாடகக் கொட்டகை, நடுநிசியில் விமர்சனம் எழுதுவது என்று 1909 வரை காலம் தள்ளினார்.

அந்த நாட்களில் ஆந்திரே ஜீத் முதலிய எழுத்தாளர் சிலரோடு சேர்ந்து ஓர் இலக்கியப் பத்திரிகையைத் தோற்றுவித்தார். (ஜீதின் நூல்கள் 1952-ல் திருச்சபையின் தடைநூல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கோப்போ எவ்விதக் கூட்டத்தில் இருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.) கத்தோலிக்கராகப் பிறந்தும் கோப்போ அக்காலத்தில் பூசைக்கும் போகாதவர், பாவசங்கீர்த்தனமும் செய்யாதவர். சர்வேசுரனை விரோதித்தவர் அல்ல, மறந்திருந்தவர். அவருக்கு ஆலயம் நாடக மேடையாயிருந்தது.

அந்த ஆலயத்தில் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். அப்போதைய பாரிஸ் மேடையைப் பாருங்கள். ஒரு நாடகம் பணம் பிடித்துவிட்டால் அதே நாடகம் நூறு இரவு, இருநூறு இரவு. பிரபல நடிகர் ஒருவர். அவருக்காகவே எழுதிய வசனம். மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்கும் தூண்கள். வர்ணப் படுதா, பட்டு, கண்ணாடி, மரச் சாமான் என்று மேடையை நிரப்பி, அந்தச் சாமானுக்குக் கைதட்டல் வாங்குவது. மனிதனுடைய உள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் கடைத்தெருவாகிவிட்டதே என்று கோப்போ வெகுண்டார். வெறுமனே விமர்சித்துக் கொண்டிராமல் 34-வது வயதில் தாமே ஒரு நாடக சபை தொடங்கினார்.

பாரிஸில் அர்ச். சுல்பீஸ் தேவாலயத்துக்கு அருகே வியூ-கொலோம்பியே என்று ஒரு தெரு உண்டு. பழைய புறாக்கூடு என்பது அதன் பொருள். அத்தெருவில் பழைய சிறு கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, தெருவின் பெயரையே அதற்கும் வைத்தார். பிளாரன்ஸ் நகரத்து சான் மினியாத்தோ தேவாலயத்தின் தளவரிசையில் இரண்டு புறாக்களின் உருவம் உண்டு. அதையே சபையின் அடையாளச் சின்னமாக்கிக் கொண்டார். தெரியாமலே ஒரு தேவாலயத்தின் தரையிலிருந்து தமக்கு முத்திரை எடுத்துக் கொண்டார் பாருங்கள்!

1913 கோடையில் நடிகர்களைப் பாரிஸை விட்டுக் கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே திறந்த வெளியில் ஒத்திகை, காலையில் தேகாப்பியாசம், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. அக்டோபரில் அரங்கம் திறந்தது. இன்று கதாநாயகன் வேஷம் போட்டவர் நாளை கதவு திறக்கும் வேலைக்காரன் வேஷம் போட வேண்டும். வாரத்தில் நாடகங்கள் மாறி மாறி நடக்கும். டிக்கெட் விலை குறைவு. மேடையில் சாமான் மிகக் குறைவு. வெறும் பலகை மேடை போதும், நல்ல வார்த்தையும் பயின்ற உடலும் இருந்தால் மற்றதைப் பார்ப்பவனுடைய மனம் கட்டிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. நம் ஊர்த் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய புதுமையாகத் தோன்றாது. பாரிஸ்காரர்களுக்கோ பெருத்த வியப்பு. 1914 மே மாதத்தில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டாம் இரவு நாடகத்தை அவர் போட்டபோது நகரமே அந்தச் சிறு தெருவுக்கு வந்தது.

ஆகஸ்டில் யுத்தம் வந்தது. நடிகர்கள் போர்முனைக்குப் போனார்கள். அவருடைய வலது கரமாயிருந்த லூயி ஜூவே இராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்தார். சார்ல் துல்லேன் பதுங்கு குழியில் கிடந்தார். கோப்போவைத் தேக அசௌக்கியத்தால் 1915-ல் படையிலிருந்து விடுவித்தார்கள். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று மற்ற நாடகச் சீர்திருத்தக்காரர்களைக் கண்டு பேசினார். போர்முனையிலிருந்த ஜூவேக்கும் அவருக்கும் கடிதங்கள் ஓடின. குண்டு விழும் இடத்திலிருந்து ஒருவர் மேடை விளக்கைப் பற்றி எழுதுவார், மற்றவர் படிக்கட்டைப் பற்றி எழுதுவார். 1917-ல் பிரான்ஸ் அரசாங்கம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. நியூயார்க்கில் இரண்டு பருவம் நாடகம் நடத்தினார். ஓட்டோ கான் என்ற பெரும் வங்கி முதலாளி பணம் கொடுத்தார். இரண்டாம் பருவத்தில் வாரத்துக்கு ஒரு புது நாடகம் போட வேண்டியதாயிற்று. வியாபார நாடகத்தை வெறுத்து வந்தவர் வியாபாரச் செக்கில் மாடாய்ச் சுழன்றார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. இல்லறத்திலும் அவர் பழுதற்றவராயிருக்கவில்லை. யுத்த காலத்தில் தம் சபையைச் சேர்ந்த நடிகை ஒருவரிடம் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஆக்னேஸ் அம்மாள் மூன்று பிள்ளைகளோடு இதைத் தாங்கினார். புருஷனுடைய சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த அம்மாளுக்கு ஒரு பத்தி கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அதையே செய்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது.

1920 பெப்ருவரியில் பாரிஸ் அரங்கம் மீண்டும் திறந்தது. ஜூவேயின் உதவியோடு மேடையையே புதிதாகக் கட்டியிருந்தார்கள். மேடை விளிம்பில் விளக்கு வரிசை இல்லை. பார்ப்பவரையும் நடிப்பவரையும் பிரிக்கும் சட்டம் இல்லை. பின்புறம் ஒரு வளைவும் படிகளும், அசையாத கட்டடமாக. எந்த நாடகமானாலும் அதே மேடைதான். ஒரு திரையும் வெளிச்சமும் மாறினால் அரண்மனை தெருவாகும், தெரு கப்பலாகும். நம் பீடம் திருநாளுக்குத் திருநாள் இடம் மாறுவதில்லையே. துணியின் வர்ணம் மட்டும் மாறுகிறது. அதை நினைத்துக் கொண்டால் இந்த மேடை உங்களுக்குச் சட்டென விளங்கும்.

அரங்கத்தோடு ஒரு பள்ளியும் நடத்தினார். அங்கே முகமூடிப் பயிற்சி வந்த விதம் கேட்கத் தக்கது. ஒத்திகையில் ஒரு நடிகைக்கு வெட்கத்தால் உடம்பு கட்டைபோல் ஆகிவிட்டது. எத்தனை சொல்லியும் பயனில்லை. கோப்போ ஒரு கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தின்மேல் போட்டு மூடினார். அந்தக் கணமே கட்டு அவிழ்ந்தாற்போல் உடல் அசைந்து பேசத் தொடங்கியது. தன் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றவுடன் அவளுக்குத் தன்னைப் பற்றிய நினைவு போய்விட்டது. அதிலிருந்து மாணவர்களுக்கு முகமூடி அணிவித்துப் பழக்கினார். இருபதாம் நூற்றாண்டின் மௌன நடிப்புக் கலைக்கு ஆசானாகிய எத்தியேன் தெக்ரூ அந்தப் பள்ளியின் மாணவரே.

இத்தனை சிறப்போடும் அவருக்கு நிம்மதியில்லை. அரங்கம் சிறியது, செலவு பெரியது. நாடகத்துக்குக் கூட்டம் வந்தது, ஆனால் அவர் தேடியது கூட்டமல்ல. துல்லேன் பிரிந்து தனிச் சபை கண்டார். 1922-ல் ஜூவேயும் போனார். பத்தாண்டு சிந்தித்துத் தாமே எழுதிய ஒரு நாடகத்தை 1923 முடிவில் போட்டார், அது விழுந்தது. பெரிய கொட்டகைக்கு மாறுங்கள், பணக்காரரைப் பங்குதாரராகச் சேருங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. 1924-ல் கதவை மூடினார்.

அக்டோபரில், பெண்களும் குழந்தைகளும் உட்படச் சுமார் முப்பத்தைந்து பேரோடு பர்கண்டிப் பிரதேசத்துக்குப் புறப்பட்டார். மொர்த்தேய் என்ற இடத்தில் ஒரு பழைய மாளிகை; ஈரமும் குளிருமான வீடு. அங்கே எல்லாரும் ஒன்றாக வாழ்ந்து, பயின்று, புதிய நாடகத்தைப் பிறப்பிப்பது என்று ஏற்பாடு. எழுந்திருக்க நேரம், வேலைக்கு நேரம், மௌனத்துக்கு நேரம் என ஒழுங்குகள் வகுத்தார். வாசகர்களே, இதைப் படிக்கும்போது குருமடத்தில் பல வருஷம் மணியோசைக்கு எழுந்து படுத்த எனக்குச் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது. மடத்து ஒழுங்கு மடத்தில் நிற்பது, அங்கே ஒவ்வொருவனும் சர்வேசுரனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்திருப்பதால். நடிகர்களோ கோப்போவை நம்பி வந்தவர்கள். சிலர் அவர் கலையை நம்பியவர்கள், சிலர் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். துறவிகளிடம் கேட்கக்கூடிய கீழ்ப்படிதலை அவர்களிடம் கேட்டது அவருடைய பெரிய பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணமும் தீர்ந்தது. 1925 சனவரியில் வடக்கே லீல் நகரத்துத் தொழிலதிபர்களுக்கு முன் நடித்துக் காட்டி உதவி கேட்டார்கள், கிடைக்கவில்லை. பெப்ருவரியில் எல்லாரையும் கூட்டி, இனி உங்களை வைத்துக் காப்பாற்ற என்னால் முடியாது, அவரவர் வழியைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டார். அதே மாதத்தில் அவருடைய பத்திரிகைத் தோழரும், விசுவாசத்துக்கும் சந்தேகத்துக்கும் நடுவே நெடுங்காலம் தத்தளித்தவருமாகிய ஜாக் ரிவியேர் 38 வயதில் மரித்தார்.

இந்தத் தோல்வியின் நடுவில்தான் விசுவாசம் திரும்பி வந்தது. ஒரே நாளில் வந்ததல்ல. அதற்கு முன்னமே பலர் வித்து ஊன்றியிருந்தார்கள். கவிஞர் போல் கிளோதேல் ஒருவர். அவருடைய நாடகத்தைக் கோப்போ 1914-லேயே மேடையேற்றியிருந்தார். ஆன்ரி கெயோன் மற்றொருவர். யுத்தமுனையில் மனந்திரும்பிய எழுத்தாளர். அர்ச். அலெக்சியாருடைய சரித்திரத்தை வைத்து அவர் எழுதிய நாடகத்தை, 1921-ல் கோப்போ தம் அரங்கத்தில் நடத்தினார். தகப்பன் வீட்டு மாடிப்படியின் கீழே, பெற்றவரும் மனைவியும் அடையாளம் காணாதபடி பிச்சைக்காரராய்ப் படுத்துக் கிடந்த அலெக்சியாரை நீங்கள் அறிவீர்கள். அந்த நாடகத்தை நடத்தியவருக்கு அப்போது விசுவாசம் இல்லை. பிறர்க்கு விளக்கேற்றிக் கொடுத்துவிட்டுத் தான் இருட்டில் நின்றவர், சில ஆண்டு சென்றபின் அந்த வெளிச்சத்துக்குள் வந்தார். சொலேம் என்னும் அர்ச். ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் ஞான ஒடுக்கம் செய்தார். தேவதிரவிய அனுமானங்களை மீண்டும் பெற்று, 46, 47 வயதில் பயிற்சியுள்ள கத்தோலிக்கரானார்.

அதனால் அவர் வாழ்வு இனிமையாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். கலைந்தவர் போக மிஞ்சிய இளைஞர் சிலர் அவரை விடவில்லை. 1925 முடிவில் பெர்னான் என்ற திராட்சைத் தோட்டக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மடக்கிக் கொண்டு போகக்கூடிய பலகை மேடையோடு ஊர் ஊராய்ப் போவார்கள். முகமூடி தரித்து, மேளங் கொட்டி, வீதி வலம் வந்து கூட்டம் சேர்த்து, சந்தைக் கொட்டகையிலோ ஊர்ச் சாவடியிலோ நடிப்பார்கள். திராட்சை அறுவடை செய்த குடியானவர்களுக்கு, அவர்களுடைய உழைப்பையும் கொண்டாட்டத்தையுமே நாடகமாக்கிக் காட்டினார்கள். ஊரார் அவர்களைக் கோப்போவின் பேரால் கொப்பியோ என்று தங்கள் வட்டார வழக்கில் அழைத்தார்கள். அதுவே சபையின் பெயராய் நிலைத்தது. பாரிஸின் பட்டு நாற்காலிகளில் அவருக்குக் கிடைக்காத ஜனங்கள் இந்தக் களத்துமேட்டில் கிடைத்தார்கள்.

ஆனால் வீட்டுக்குள் ஒரு மௌனப் போர். இளைஞருள் பெரும்பாலோருக்கு அவருடைய விசுவாசம் இல்லை. அவரோ நாடகத்தை விட ஜெபத்தில் நாட்டமாகித் தம் அறைக்குள் ஒதுங்குவார். வெளியூர்களுக்குப் போய் ஒரு மேசை, ஒரு புத்தகம், தம் குரல் இவற்றை மட்டும் வைத்து முழு நாடகத்தையும் வாசித்துக் காட்டிப் பணம் ஈட்டி வருவார். திரும்பி வந்து, தாம் இல்லாதபோது பிள்ளைகள் உழைத்து உண்டாக்கியதைப் பார்த்துக் கடுமையாகக் குறை சொல்வார். தகப்பனைப்போல் நேசித்தார், தகப்பனைப்போலவே நெருக்கினார். 1929-ல் சபை கலைந்தது. அவருடைய சகோதரி மகன் மிஷேல் சேன்-தெனி அவர்களில் பலரைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய்ப் புதுச் சபை கண்டார். பிற்காலத்தில் லண்டனில் நாடகப் பள்ளிகள் நடத்தினார். மருமகன் ஜான் தாஸ்தே 1947-ல் சேன்-எத்தியேன் என்னும் தொழில் நகரத்தில் தொழிலாளர்களுக்காக நாடகம் நடத்தத் தொடங்கினார். கோப்போவால் ஒன்றாகக் கட்டி வைக்க முடியாதவர்கள், பிரிந்து போன இடங்களிலெல்லாம் அவருடைய வித்தையையே நடத்தினார்கள். எழுத்தாளர் அல்பேர் கமு பிரான்ஸ் நாடகச் சரித்திரத்தைக் கோப்போவுக்கு முன், கோப்போவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தார்.

இளைய மகள் எதி, தகப்பனார் பள்ளியிலேயே பயின்று, அவரோடு பர்கண்டிக்கு வந்து நடித்தவள். அவள் அர்ச். ஆசீர்வாதப்பர் சபையில் கன்னியாஸ்திரியாகி, பிரான்சுவா என்ற பெயரைத் தரித்து, மடகாஸ்கர் தீவுக்கு வேதபோதகப் பணிக்குப் போனாள். நாடகத்தை ஒரு மடமாக்க முயன்று தோற்ற தகப்பனுடைய வீட்டிலிருந்து மெய்யான மடத்துக்கு ஒருத்தி போனாள்.

பின்னுள்ள ஆண்டுகளைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். 1933-ல் பிளாரன்ஸ் நகரில் சாந்தா குரோச்சே மடத்து முற்றத்தில் அர்ச். ஊலிவாளைப் பற்றிய பழைய பக்தி நாடகத்தை நடத்தினார். 1935-ல் அதே நகரத்துப் பெரிய சதுக்கத்தில் சவொனரோலா நாடகத்தை நடத்தினார். பின் பிரான்ஸின் அரசாங்க அரங்கமாகிய கொமெதி பிரான்சேஸில் சில நாடகங்களை நடத்தினார். 1940 மே மாதத்தில் அதன் நிர்வாகியாகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே ஜெர்மானியர் பாரிஸுக்குள் புகுந்தார்கள். 1941 தொடக்கத்தில் அவர் பதவியை விட்டுப் பெர்னான் கிராமத்துக்குத் திரும்பும்படியாயிற்று. மகன் பாஸ்கால் ஜெர்மானியரை எதிர்த்த இரகசிய இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். கிராமத்திலிருந்தபடியே அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியாரைப் பற்றிய ஒரு நாடகத்தை எழுதினார். 1946-ல் அது அச்சில் வந்தது.

அந்தக் கிராமத்துக்கு அருகே போன் என்னும் நகரம். அங்கே ஏழைகளுக்காக நிக்கொலா ரோலேன் என்ற பிரபுவும் அவர் மனைவி கிகோன் அம்மாளும் 1443-ல் தோற்றுவித்த தரும ஆஸ்பத்திரி இருந்தது. வர்ண ஓடுகள் வேய்ந்த கூரை. நோயாளிகளின் கட்டில் வரிசைக்கு எதிரே பீடம். படுத்தபடியே பூசை காண முடிந்தது. பீடத்துக்குமேல் பொதுத்தீர்வையின் சித்திரம் இருந்தது. கன்னியர் ஐந்நூறு ஆண்டுகளாகப் பணிவிடை செய்துவந்த அந்த ஆஸ்பத்திரியின் ஐந்நூறாம் ஆண்டு நிறைவு 1943-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவில் வந்தது. கோப்போவை ஒரு நாடகம் நடத்தித் தரக் கேட்டார்கள்.

பழைய தேவமாதா அற்புத நாடகங்களில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். பணம் மாற்றும் தொழில் செய்த பேதுரு என்னும் கருமியின் கதை அது. வாழ்நாளில் ஒரு தருமமும் செய்யாதவன். வாசலில் நச்சரித்த பிச்சைக்காரன்மேல் எறியக் கல் கிடைக்காமல், கையில் அகப்பட்ட ரொட்டியைக் கோபத்தோடு வீசினான். தீர்வை நாளில் பசாசுகள் அவன் பாவங்களைத் தராசில் குவிக்க, மறு தட்டில் வைக்கச் சம்மனசுகளுக்கு ஒன்றுமே அகப்படவில்லை, அந்த ஒரு ரொட்டியைத் தவிர. அன்பினால் கொடுத்ததல்ல, ஆத்திரத்தில் எறிந்தது. அதையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

சூலை மாதத்தில் ஆஸ்பத்திரி முற்றத்தில் அது நடந்தது. திரையில்லை, சீன் இல்லை. பழைய கட்டடமே மேடை. முப்பது வருஷங்களுக்கு முன் அவர் பாரிஸில் கேட்ட நாடகம், ஏழைகளுக்காகக் கட்டிய வீட்டின் முற்றத்தில் அவருக்குக் கிடைத்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1949-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி, நெடுநாள் நோய்க்குப் பிறகு ஜாக் கோப்போ அதே ஆஸ்பத்திரியில் உயிர்விட்டார். அவருக்கு வயது 70. பெர்னான் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.